சின்ன வயதில் டிவியில் பார்த்த அறிவியல் புனைகதைப் படத்தை மறுபடி பார்க்கப் போகிறீர்களா? இப்படித் தொடங்குங்கள்

இதற்கெல்லாம் ஒரு வழிகாட்டியா, படத்தைத் தேடிப் போட்டுப் பார்க்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். அப்படி உடனே போட்டுப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருபதாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டு, இதையா அவ்வளவு ஆசையாகப் பார்த்தோம் என்று மனம் விட்டுப்போய் எழுந்துவிடுகிறார்கள். திரையில் ஓடிய படமும் போச்சு, இத்தனை வருடம் மனதில் வைத்திருந்த படமும் போச்சு. எனக்கு இது உண்மையிலேயே பெரிய இழப்பாகத் தெரிகிறது, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். உங்கள் மனதில் இருப்பது ஒரு படம், திரையில் ஓடப்போவது வேறொரு படம். இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை தப்பக்கூடாது.

நான் பேசுவது தியேட்டருக்கு வந்த பெரிய படங்களைப் பற்றி அல்ல. தொலைக்காட்சிக்கென்றே எடுத்த படங்கள், ஓர் இரவிலோ இரண்டு இரவுகளிலோ ஒளிபரப்பாகி முடிந்துபோனவை. அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்கள் 1970களிலிருந்து 90கள் வரை இவற்றை வரிசையாக எடுத்தன. சிங்கப்பூரில் நம் வீடுகளுக்கு அவை வந்த வழிகள் பல: எஸ்பிசி காலத்து ஒளிவழிகள், ஜோகூர்ப் பக்கம் திருப்பிவைத்த ஆண்டெனாவில் கிடைத்த மலேசிய ஒளிவழிகள், புளோக்கின் கீழே இருந்த வீடியோ கடை, அப்புறம் கேபிள். தியேட்டர் படத்துக்கு இருப்பதுபோல் சுவரொட்டியோ மறு வெளியீடோ இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கிடையாது. தவறவிட்டால் தவறவிட்டதுதான். அதனால்தான் ஒவ்வொருவர் மனதிலும் அது ஒவ்வொரு விதமாகத் தங்கியிருக்கிறது.

எந்தப் படத்தில் தொடங்குவது

உயிருக்கு உயிரான படத்தை முதலில் தொடாதீர்கள். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ பிடித்த ஒன்றை எடுங்கள். பழைய டிவி படத்தின் வேகத்துக்கும் நிறத்துக்கும் கண் பழக ஒரு படமாவது தேவைப்படும். அந்தப் பழக்கம் வருவதற்குள் உங்கள் முதல் காதல் படத்தைப் பலி கொடுக்க வேண்டாம்.

தேடுவதற்கு முன் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைக் கடைப்பிடியுங்கள். கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு தாளை எடுத்து, நினைவில் இருப்பதை எல்லாம் எழுதுங்கள். எழுதி முடிக்கும்வரை படத்தின் பெயரை இணையத்தில் தேடக்கூடாது, ஒரு முன்னோட்டம்கூடப் பார்க்கக்கூடாது. ஒரே ஒரு நிழற்படத்தைப் பார்த்துவிட்டாலும் போதும், உங்கள் மனதில் இருந்த விண்கலம் மறைந்து அந்த நிழற்படத்தில் இருக்கும் விண்கலம் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், பழையதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

கதையை மட்டும் எழுதினால் போதாது. எந்த வீட்டில் பார்த்தீர்கள், டிவி எந்தச் சுவரோரம் இருந்தது, கறுப்பு வெள்ளையா வண்ணமா, பக்கத்தில் யார் இருந்தார்கள், எந்த இடத்தில் பயந்து அம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிந்தீர்கள், முடிவு என்ன என்று நினைக்கிறீர்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். நிச்சயமில்லாததையும் எழுதுங்கள், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டால் சரி.

நம்மைப்போல் தமிழ் பேசும் வீட்டில் வளர்ந்தவர்கள் இன்னொன்றையும் சேர்த்து எழுத வேண்டும்: படத்தை உங்களுக்குச் சொன்னது யார்? தொடக்கநிலை ஒன்று, இரண்டில் இருந்தபோது வேகமான அமெரிக்க ஆங்கிலம் பலருக்குப் பாதிதான் புரிந்தது. அக்காவோ அண்ணனோ மாமாவோ பக்கத்தில் உட்கார்ந்து, ‘அவன் கெட்டவன்டா, இப்ப பாரு மாட்டிக்கப் போறான்’ என்று ஓட ஓடத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார்கள். தெரியாத இடத்தில் தாங்களாகவே ஒன்றைச் சேர்ப்பார்கள். பாட்டி நடுவில் வந்து உட்கார்ந்தால் அவருக்கு முதலிலிருந்து ஒரு சுருக்கம், அதில் விண்கலத் தலைவன் ராஜாவாகிவிடுவான், ரோபோ பூதமாகிவிடும். நீங்கள் இத்தனை வருடம் நினைவில் வைத்திருப்பது பல இடங்களில் அந்த அக்கா சொன்ன கதையைத்தான். என் அனுபவத்தில் அது மூலப் படத்தைவிடச் சில இடங்களில் நன்றாகவே இருக்கிறது.

இதை உளவியலாளர்கள் எப்போதோ கவனித்துவிட்டார்கள். கேம்பிரிட்ஜில் இருந்த ஃபிரெடெரிக் பார்ட்லெட் வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்குப் படிக்கக் கொடுத்து, நாள் கழித்து அதை நினைவிலிருந்து திரும்ப எழுதச் சொன்னார். 1932ல் அவர் வெளியிட்ட முடிவுகளில் கதை சுருங்கியிருந்தது, புரியாத பகுதிகள் உதிர்ந்திருந்தன, பழங்குடியினரின் தோணி சாதாரணப் படகாக மாறியிருந்தது. அவரவர் தமக்குப் பழகிய உலகத்துக்கு ஏற்றபடி கதையைத் திருத்திக்கொண்டார்கள், திருத்துகிறோம் என்று தெரியாமலேயே. உங்கள் தாளில் இருப்பதும் அப்படித் திருத்தப்பட்ட கதைதான். அதைத் தப்பு என்று நினைத்து வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

பெயர் தெரியாத படத்தைக் கண்டுபிடிப்பது

பெயர் ஞாபகம் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

முதலில் காலத்தைக் குறுக்குங்கள். எந்த வருடம் என்று யோசித்தால் வராது, எந்த வீட்டில், எந்த வகுப்பில் என்று யோசித்தால் வரும். வீடு மாறிய வருடம், தம்பி பிறந்த வருடம், பிஎஸ்எல்இ எழுதிய வருடம் இவை உங்களுக்கு உறுதியாகத் தெரியும். டிவியும் தடயம் தரும். சிங்கப்பூரில் வண்ண ஒளிபரப்பு 1974ல் வந்தது, ஆனால் நம் வீட்டுக்கு வண்ணத் தொலைக்காட்சி எப்போது வந்தது என்பது வேறு கணக்கு, ஆகவே கறுப்பு வெள்ளையாக நினைவிருப்பதால் படமே கறுப்பு வெள்ளை என்று முடிவு கட்டாதீர்கள். தமிழ்ச் செய்தி எட்டாம் ஒளிவழியில் வந்துகொண்டிருந்த காலமா, பன்னிரண்டுக்குப் போன பிறகா? கேபிள் இருந்ததா? இப்படி நாலைந்து கேள்விகளிலேயே காலம் இரண்டு மூன்று வருடத்துக்குள் வந்துவிடும்.

அப்புறம் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்துக்குப் போங்கள். பழைய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் நாளிதழ்களில் அன்றன்றைய தொலைக்காட்சி நிகழ்ச்சி அட்டவணை இருக்கும், தமிழ் முரசின் பழைய இதழ்களும் அங்கே உண்டு. பள்ளி விடுமுறை, பொது விடுமுறை நாட்களிலிருந்து தொடங்குங்கள், பிள்ளைகள் இரவு கண்விழித்துப் படம் பார்க்க வீட்டில் அனுமதி கிடைத்த நாட்கள் அவைதான். சில இதழ்களை வீட்டிலிருந்து முழுதாகத் திறக்க முடியாது, அவற்றை நூலகத்துக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு சனிக்கிழமை மத்தியானத்தை விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தில் செலவிடுங்கள். பழைய அட்டவணையை வாசிப்பதே தனி இன்பம், மறந்தே போயிருந்த இன்னும் பத்துப் படங்கள் வந்து மாட்டும்.

ஒன்றைக் கவனமாகப் பாருங்கள்: ஒரே கதை பல வடிவங்களில் இருக்கும். ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வின் தொடக்கப் படம் 1978 செப்டம்பர் 17 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது, அதையே சுருக்கித் தியேட்டர்களிலும் வெளியிட்டார்கள். தியேட்டர் வடிவத்தில் துரோகி பால்ட்டார் கொல்லப்படுகிறான். டிவி வடிவத்தில் பிழைத்துக்கொண்டு தொடர் முழுக்க வில்லனாக வருகிறான். அண்ணனும் தம்பியும் இதை வைத்து வருடக்கணக்கில் சண்டை போட்டிருந்தால் இரண்டு பேர் சொல்வதும் சரிதான். அதேபோல ‘வி’ என்ற படம் 1983ல் இரண்டு பகுதிகளாக வந்தது, 1984ல் மூன்று பகுதிகளாக ஒரு தொடர்ச்சி, அதற்குப் பிறகு வாராந்தரத் தொடர். பல்லி போன்ற குழந்தை பிறக்கும் காட்சி எங்கே என்று முதல் படத்தில் தேடிக் களைப்பவர்கள் இருக்கிறார்கள். அது தொடர்ச்சியில்தான் வருகிறது.

நல்ல பிரதியைத் தேர்ந்தெடுப்பது

கிடைத்த பிரதியைப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. முதல் மறுபார்வைக்கு நல்ல பிரதி வேண்டும். யாரோ வலையேற்றி வைத்திருக்கும் துண்டுகளை நம்பாதீர்கள், பதிப்புரிமைப் புகாரில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதற்காகப் படத்தை இடம் வலமாகத் திருப்பியிருப்பார்கள், வேகத்தைக் கூட்டியிருப்பார்கள், குரலெல்லாம் மாறிக் கேட்கும்.

டிஸ்னி எடுத்த டிவி படங்கள் என்றால் வேலை சுலபம். டிஸ்னி ஒளிவழி சிங்கப்பூரில் 2020ல் நின்றது, டிஸ்னி பிளஸ் 2021 பிப்ரவரியில் வந்தது, பழைய படங்கள் பலவும் அதில் இருக்கின்றன. மற்ற நிறுவனங்களின் படங்களுக்குப் பெரும்பாலும் டிவிடிதான் வழி. எந்தப் பகுதியின் பிளேயரில் ஓடும் என்பதற்கு டிவிடியில் ஒரு மண்டல எண் உண்டு: அமெரிக்க டிவிடி மண்டலம் 1, நம்முடையது மண்டலம் 3. எல்லா மண்டலங்களையும் வாசிக்கும் பிளேயர் இருந்தால் பிரச்சினை இல்லை, வாங்குவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிவிடி அட்டையில் போட்டிருக்கும் ஓடும் நேரம் சில நிமிடம் குறைவாக இருந்தால் உடனே வெட்டிய பிரதி என்று ஒதுக்க வேண்டாம். இந்தப் படங்கள் வினாடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) என்று பிலிமில் எடுக்கப்பட்டவை. சிங்கப்பூரும் பிரிட்டனும் பயன்படுத்திய ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் அதை வினாடிக்கு 25ஆக ஓட்டினார்கள். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும், குரல்கள் கொஞ்சம் மேலே ஏறிக் கேட்கும். நாம் சின்ன வயதில் இங்கே கேட்டது அந்த ஏறிய குரலைத்தான், அதனால் அமெரிக்கப் பிரதியில் கதாநாயகன் குரல் கனமாகத் தோன்றினால் உங்கள் காதில் கோளாறு இல்லை.

அடுத்தது படத்தின் வடிவம். அந்தக் காலத்து டிவி படங்கள் நாலுக்கு மூன்று என்ற கணக்கில், சதுரத்துக்குக் கிட்டத்தட்ட வரும் சட்டத்துக்காகவே எடுக்கப்பட்டவை. இப்போதைய அகலத் திரையை நிரப்புவதற்காக மேலேயும் கீழேயும் வெட்டிய பிரதிகள் உண்டு, தலை பாதி போயிருக்கும். வெளிநாட்டுத் தியேட்டர்களுக்கும் போகலாம் என்ற எண்ணத்தில் இரண்டு வடிவத்துக்கும் சேர்த்து எடுத்த படங்களும் சில உண்டு என்பதால் அகலப் பிரதி எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டும் கிடைத்தால் நாலுக்கு மூன்றையே எடுங்கள், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தாலும் பரவாயில்லை.

வீட்டில் பழைய டேப் கிடந்தால்

அலமாரி மேல் தட்டில் அப்பா பதிவு செய்த விஎச்எஸ் டேப் இருந்தால் அது பொக்கிஷம், ஏனென்றால் அதில் படம் மட்டும் இல்லை, அன்றைய விளம்பரங்களும் அறிவிப்பாளர் குரலும்கூட இருக்கும். ஆனால் எடுத்தவுடன் பிளேயருக்குள் தள்ளிவிடாதீர்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் டேப்பில் பூஞ்சை பிடிப்பது சர்வ சாதாரணம். ஒளிபுகும் சிறு கண்ணாடி வழியாகச் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி போலவோ நூல் போலவோ தெரிந்தால் ஓட்டவே கூடாது, டேப்பும் கிழியும், பிளேயரின் முனையும் கெடும், அதில் அடுத்துப் போடும் டேப்புக்கும் பூஞ்சை ஒட்டும். பழைய டேப்பைச் சுத்தம் செய்து கணினிக் கோப்பாக மாற்றித் தரும் கடைகள் இருக்கின்றன, அவர்களிடம் கொடுங்கள். கொடுக்கும்போது வெட்டாமல், விளம்பரங்களோடு முழுசாக மாற்றித் தரச் சொல்லுங்கள். கோப்பு வந்த பிறகும் டேப்பைத் தூக்கிப் போடாமல், புகைப்படக்காரர்கள் கேமரா வைக்கும் ஈரநீக்கிப் பெட்டியில் வைக்கலாம்.

பார்க்கும் நாள்

டிவியின் அமைப்புகளுக்குள் போய், அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது, பெரும்பாலும் மோஷன் என்ற சொல் அதில் இருக்கும். அது இயங்கிக்கொண்டிருந்தால் பிலிமில் எடுத்த படம் நேற்று எடுத்த வீடியோ மாதிரி தெரியும், மாதிரி விண்கலங்கள் பொம்மையாகவே தெரியும். படத்தை இழுத்து விரிக்கும் அமைப்பையும் அணையுங்கள். வண்ணத்தையும் கூர்மையையும் கொஞ்சம் குறைத்தால் நல்லது, இந்தப் படங்களின் ஒப்பனையும் அரங்கமும் சின்னக் குழாய் டிவிக்காகச் செய்யப்பட்டவை, அறுபத்தைந்து அங்குலத் திரையில் சுவரின் பெயிண்ட் தூரிகைக் கோடுவரை தெரிந்துவிடும். அதனால் கொஞ்சம் தள்ளியே உட்காருங்கள்.

யாரோடு பார்ப்பது? தனியாக, இல்லையென்றால் அன்றைக்கு உங்களோடு சேர்ந்து பார்த்தவரோடு. கணவன், மனைவி, பிள்ளைகள் யாரும் முதல்முறைக்கு வேண்டாம். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே, ‘அந்தக் காலத்தில் இது பெரிய விஷயம், தெரியுமா’ என்று நீங்கள் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள், படத்தைப் பார்க்கவே மாட்டீர்கள். வெள்ளிக்கிழமை இரவும் வேண்டாம், வாரம் முழுக்க வேலை பார்த்த அசதியில் பழைய படத்தின் நிதானம் தூக்கத்தைத்தான் கொண்டுவரும். ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரம், பசியாறிவிட்டு உட்காருங்கள்.

முதல் இருபது நிமிடம்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் விட்டுப்போகிறார்கள், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஏமாற்றம் வரும். உடை, முடி, விண்கலத்தின் பொத்தான்கள் எல்லாம் முதலில் கண்ணை உறுத்தும். தாங்கிக்கொண்டு உட்காருங்கள், கண் பழகிவிடும்.

இந்தப் படங்கள் எப்படி எடுக்கப்பட்டன என்று கொஞ்சம் தெரிந்தால் பொறுமை தானாக வரும். ஒரு தியேட்டர் படத்துக்குக் கிடைக்கும் பணமும் நாட்களும் இவற்றுக்குக் கிடைக்காது. விண்வெளிக் காட்சியைச் சின்ன மாதிரிகளை வைத்து எடுத்தார்கள், தூரத்து நகரத்தைக் கண்ணாடியில் ஓவியமாகத் தீட்டி நடிகர்கள் நடந்த காட்சியோடு இணைத்தார்கள். செலவு அதிகம் என்பதால் கலாக்டிகாவில் ஒரே விண்கலச் சண்டைக் காட்சியைத் திருப்பித் திருப்பிப் பயன்படுத்தியதைப் பார்க்கலாம். அதே சமயம் இவோக் என்ற காட்டுக் குட்டி உயிர்களை வைத்து 1984லும் 1985லும் வந்த இரண்டு டிவி படங்களும் காட்சி விளைவுகளுக்காக எம்மி விருதே வாங்கின. கையில் இருந்ததை வைத்து என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கிவிட்டால் அந்தப் பொத்தான்கள் உறுத்துவது நின்றுவிடும்.

கதை விட்டு விட்டுப் போவதுபோல் தோன்றுவதற்கும் காரணம் இருக்கிறது. இரண்டு மணி நேர இடத்தில் படம் ஓடுவது ஏறக்குறைய 95 நிமிடம், மீதி விளம்பரம். விளம்பரம் போனால் பார்ப்பவர் வேறு ஒளிவழிக்குத் தாவிவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு கதவு திறக்கும், ஒருவர் திரும்பிப் பார்ப்பார், திரை கறுப்பாகும். இப்போது விளம்பரம் இல்லாமல் பார்க்கும்போது அந்தத் திடீர்ப் பதற்றங்கள் காரணமில்லாமல் வருவதுபோல் தெரியும். திரை கறுப்பாகும் இடத்தில் நீங்களே நிறுத்தி, எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். படம் எழுதப்பட்ட தாளத்திலேயே அதைப் பார்த்ததுபோல் ஆகும்.

எதைக் கவனிப்பது

பெரியவர்களைக் கவனியுங்கள். சின்ன வயதில் அவர்கள் வெறும் அப்பா, வெறும் டாக்டர், தடை போடும் ஆட்கள். இப்போது உங்கள் வயது அவர்கள் வயது.

‘வி’யையே எடுத்துக்கொள்வோம். கென்னத் ஜான்சன் எழுதி இயக்கியது, 1983 மே 1, 2 ஆகிய இரண்டு இரவுகளில் அமெரிக்காவில் ஒளிபரப்பானது, மொத்தம் மூன்றே கால் மணி நேரம் போல ஓடும். பெரிய நகரங்களின் மேலே ராட்சத வட்டக் கலங்கள் வந்து நிற்கும், மனிதர்போலவே இருக்கும் வேற்றுக்கிரக விருந்தாளிகள் இறங்கி நட்பாகப் பேசுவார்கள், தோலுக்குக் கீழே பல்லி. வீடியோ கடை டேப்பில் இதைப் பார்த்த என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் நினைவில் நிற்பது விருந்தாளிகளில் ஒருத்தியான டயானா உயிருள்ள பிராணியை விழுங்கும் காட்சிதான். மறுபடி பார்த்தபோது அந்தக் காட்சி சில வினாடிகளில் போய்விட்டது. என்னைப் பிடித்து உட்கார வைத்தது வேறு.

விருந்தாளிகள் முதலில் அறிவியலாளர்களைக் குற்றவாளிகளாக்குகிறார்கள். சதி செய்தார்கள் என்று டிவியில் சொல்லவைக்கிறார்கள், அக்கம்பக்கத்தார் மெல்ல மெல்ல அறிவியலாளர் குடும்பங்களை விட்டு விலகுகிறார்கள். பெர்ன்ஸ்டைன் என்று ஒரு யூதக் குடும்பம். பேரன் விருந்தாளிகளின் இளைஞர் படையில் சேர்ந்து சீருடை மாட்டிக்கொள்கிறான். அப்பா பயந்துபோயிருக்கிறார். நாஜிக் கொடுமையிலிருந்து பிழைத்து வந்த தாத்தா ஏப்ரகாம், ஒளிய இடம் கேட்டு வரும் ஓர் அறிவியலாளர் குடும்பத்தைத் தங்கவைத்தே ஆக வேண்டும் என்கிறார், இல்லையென்றால் நடந்ததிலிருந்து நாம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்கிறார். சுவரொட்டிகளில் சும்மா கிறுக்கும் பிள்ளைகளை நிறுத்தி, செய்வதைச் சரியாகச் செய்யுங்கள் என்று சிவப்புப் பெயிண்டில் வெற்றியைக் குறிக்கும் வி எழுத்தை வரைந்து காட்டுபவரும் அவர்தான். ஆறேழு வயதில் இதில் எதுவும் எனக்குத் தெரியாது. அக்கா, ‘இந்தத் தாத்தா நல்லவரு’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இப்போது படமே அந்த வீட்டுக்குள்தான் நடக்கிறது, கலங்களும் லேசர் துப்பாக்கிகளும் ஓரத்துக்குப் போய்விட்டன. பயந்துபோன அந்த அப்பாவை என்னால் வெறுக்க முடியவில்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துக்கொண்டே மீதிப் படத்தைப் பார்த்தேன்.

கேபிள் காலத்துப் பிள்ளைகளுக்கு ‘ஸ்மார்ட் ஹவுஸ்’ நினைவிருக்கும். 1999 ஜூனில் அமெரிக்காவில் டிஸ்னி ஒளிவழியில் வந்தது, இயக்கியவர் லெவார் பர்ட்டன். அம்மாவை இழந்த பென் என்ற பையன் போட்டியில் ஒரு கணினி வீட்டை வெல்கிறான். சமைக்கும், சுத்தம் செய்யும், பேசும் வீடு, பெயர் பாட். அப்பா இன்னொரு பெண்ணோடு பழகத் தொடங்கியதும், புது அம்மா தேவையில்லாதபடி செய்ய வேண்டும் என்று பென் அந்த வீட்டின் நிரலை மாற்றுகிறான், அது பழைய டிவி தொடர்களைப் பார்த்து அம்மாவாக இருப்பது எப்படி என்று கற்றுக்கொள்கிறது, கடைசியில் வெளியே ஆபத்து என்று சொல்லிக் குடும்பத்தையே உள்ளே வைத்துப் பூட்டுகிறது. பிள்ளைகளாகப் பார்த்தவர்களுக்கு அந்த வீடு வேண்டும் என்று இருந்திருக்கும். இங்கே 2014ல் அறிவார்ந்த தேசத் திட்டம் தொடங்கியது, இப்போது வீவக வீடுகளிலேயே சொன்னால் விளக்கு எரிகிறது, தானாகத் தரை பெருக்கும் இயந்திரம் ஊர்கிறது. ஆகவே வியப்பு போய்விட்டது, ஆனால் வேறு இரண்டு விஷயங்கள் மேலே வருகின்றன. ஒன்று, அந்த வீடு எல்லாரையும் எப்போதும் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்கிறது, படத்தில் யாரும் அதைப் பற்றித் தொடக்கத்தில் கவலைப்படுவதில்லை. இன்னொன்று அந்த அப்பா. மனைவியை இழந்து, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மறுபடி ஒருவரோடு பழக ஆரம்பிக்கத் தயங்கும் மனிதர். சின்ன வயதில் அவர் பென்னுக்கு இடைஞ்சல், இப்போது பார்த்தால் வீட்டில் மிகவும் தனியாக இருப்பவர் அவர்தான்.

இன்னொரு கேள்வியையும் மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள்: அந்த எதிர்காலத்தில் நம்மைப் போன்றவர்கள் இருக்கிறார்களா? பல படங்களில் இல்லை, இருந்தாலும் ஓர் ஓரத்தில் ஒரு வரி பேசிவிட்டுப் போகிறார்கள். சின்ன வயதில் இது நமக்கு உறைக்கவே இல்லை, ஏனென்றால் நாமே அந்தக் கதாநாயகன் என்று நினைத்துக்கொண்டு பார்த்தோம். இதற்காகப் படத்தை வெறுக்கச் சொல்லவில்லை. கவனித்து, தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

படம் முடிந்த பிறகு

உடனே விமர்சனங்களைத் தேடாதீர்கள். எழுதி வைத்த தாளை எடுத்து, பக்கத்திலேயே நீங்கள் இப்போது பார்த்ததை எழுதுங்கள். நினைவில் இருந்து படத்தில் இல்லாத காட்சிகள் நிச்சயம் சில கிடைக்கும். சில வேறு படத்தைச் சேர்ந்தவை, சில தொடர்ச்சியில் வருபவை, சில இங்கே வந்த வடிவத்துக்கும் இந்த வடிவத்துக்கும் உள்ள வித்தியாசம். இதையெல்லாம் கழித்த பிறகும் ஒன்றிரண்டு மிஞ்சும். அவை அக்கா சொன்னவை.

அக்காவுக்கு ஃபோன் போடுங்கள். படத்தைப் பற்றி நீங்கள் சொல்வதற்கு முன்னால் அவர் நினைவில் இருப்பதைச் சொல்லவிட்டு எழுதிக்கொள்ளுங்கள், நடுவில் திருத்தாதீர்கள். இந்த உரையாடல் படத்தைவிட நீளமாகப் போகும், போகட்டும், அந்த வீடு, அந்த நாற்காலி, அன்றைக்கு வந்திருந்த சித்தப்பா என்று எல்லாம் வரும். அம்மா அப்பா இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். படம் அவர்களுக்கு நினைவிருக்காது, ஆனால் நீங்கள் அன்றிரவு தனியாகத் தூங்க மாட்டேன் என்று அழுதது நினைவிருக்கும்.

பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்தால்

நீங்கள் தனியாகப் பார்த்து முடித்துச் சில வாரம் போகட்டும். உங்களுக்கு அது ஆறிய பிறகு காட்டினால்தான் அவர்கள் சிரித்தாலும் உங்களுக்கு வலிக்காது. ‘இது அப்பாவுக்கு ரொம்பப் பிடித்த படம்’ என்று முன்னுரை கொடுக்காதீர்கள், அவர்கள் மரியாதைக்காகப் பிடித்ததுபோல் நடிக்க வேண்டியிருக்கும். வழக்கமான ஒரு படம் மாதிரி போடுங்கள். நிறுத்தி நிறுத்தி விளக்க வேண்டாம், கேட்டால் மட்டும் சொல்லுங்கள், முடிந்தால் தமிழில் சொல்லுங்கள். எட்டு வயதுக்குக் கீழ் என்றால் ‘வி’ வேண்டாம், பயந்துவிடுவார்கள். பத்து வயதுக்கு ‘ஸ்மார்ட் ஹவுஸ்’ தாராளமாகச் சரி. அரை மணி நேரத்தில் எழுந்து போனால் கூப்பிடாதீர்கள், நீங்கள் மட்டும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருங்கள். கடைசிப் பகுதியில் வீடு பூட்டிக்கொண்டு புயல் அடிக்கிற சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கத் திரும்ப வருவார்கள், அப்போது நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிப் பக்கத்தில் இடம் கொடுங்கள்.